ஒன்றரை லிட்டர் டீசல் வண்டி நின்று உழைக்குமா?

உசிலம்பட்டித் தம்பி ஒருவர் கேட்டது: "அண்ணே, தினமும் விடியற்காலை காய்கறியும் பூவும் ஏற்றி மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறேன். வாரத்துக்கு இரண்டு நடை சின்னமனூர் போய் வாழைத்தார் ஏற்றி வருவேன். கையில் இருப்பது 2013 மாடல் 700 சிசி வண்டி, எஞ்சின் வேலைக்கு வந்துவிட்டது. புதிதாக பிஎஸ் 6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) ஒன்றரை லிட்டர் டீசல் வண்டி எடுக்கலாம் என்று பார்க்கிறேன். பட்டறையில் கேட்டால், 'மூணு சிலிண்டரு, டர்போ, ஊர்ப்பட்ட சென்சாரு, ரெண்டே வருசத்துல வேலை வைக்கும், பழசையே போர் எடுத்து (சிலிண்டரைக் கடைந்து) ஓட்டு' என்கிறார்கள். என்ன செய்யட்டும்?"

எடுங்கள் தம்பி. உங்கள் ஓட்டத்துக்கு அந்த எஞ்சின் உழைக்கும். இதே கேள்வியை மதுரை டவுனுக்குள் தண்ணீர் கேன் போடுகிற ஒருவர் கேட்டிருந்தால், டீசல் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான். அதை விரிவாகவே சொல்கிறேன். அது தெரியாமல் வண்டி எடுத்தால் இரண்டு வருடம் கழித்து நீங்களும் அந்தப் பட்டறைப் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

நான் மதுரையில் டீசல் பம்ப், நாசில் வேலையில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். தொழில் பழகியதெல்லாம் டாடா 407 வண்டிகளில். அந்த 497 எஞ்சின் 2,956 சிசி. கனத்த இரும்பு, கழற்றி மாற்றக்கூடிய லைனர், கையால் டைமிங் வைக்கிற பம்ப். அந்த எஞ்சினின் பெரிய குணம், கெடப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். முதலில் கொஞ்சம் நீலப்புகை, அப்புறம் ஆயில் குடிக்கும், அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆக மூன்று தரம் சாவி போட வேண்டியிருக்கும். ஒரு வருடம் இப்படி எச்சரித்துவிட்டுத்தான் வேலைக்கு வரும். அதனால்தான் 'பெரிய எஞ்சின் தாங்கும்' என்ற நம்பிக்கை நம் ஆட்களுக்கு ஊறிப்போயிருக்கிறது.

2005இல் டாடா ஏஸ் வந்தபோதும் இதே பேச்சுத்தான். 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். இது என்ன ஆட்டோவா லாரியா, ஆறு மாதம் தாங்குமா என்றார்கள். இன்றைக்கு குட்டியானை இல்லாத தெரு மதுரையில் உண்டா? நீங்களே ஒரு 700 சிசி வண்டியைப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டீர்கள். ஆகவே எஞ்சின் சின்னதாக இருப்பது குற்றமில்லை. அந்தப் பழைய சின்ன எஞ்சினிடம் கேட்ட வேலை சின்னது, அவ்வளவுதான். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 23 குதிரைத்திறன் வரும்.

இப்போது வருகிற எஞ்சின்களின் கதை வேறு. அசோக் லேலண்டின் படா தோஸ்த் 2020இல் வந்தது. மூன்று சிலிண்டர், 1,478 சிசி, 80 குதிரைத்திறன். லிட்டருக்கு 54 வருகிறது. ஒவ்வொரு சிசியும் பழைய குட்டியானையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேலை செய்கிறது. இதைக் கேட்டதும் 'அப்படியென்றால் பாதி நாளில் தேய்ந்துவிடுமே' என்று தோன்றும். தேய்வதில்லை. அதற்கு ஏற்ற உலோகம், பிஸ்டனுக்கு அடியிலிருந்து பீய்ச்சும் ஆயில், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், டீசலை அதிக அழுத்தத்தில் துல்லியமாகத் தெளிக்கும் காமன்ரெயில் என்று எல்லாம் சேர்த்துத்தான் அந்தச் சக்தியை எடுக்கிறார்கள். போதாக்குறைக்கு, குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைத்துவிடுவதால் பழைய இரட்டைச் சிலிண்டர் மாதிரி ஆண்டிப்பட்டிக் கணவாயில் அலற வேண்டியதில்லை. என் மேஜைக்கு வந்த புது எஞ்சின் வேலைகளில் பிஸ்டனும் ரிங்கும் தானாகத் தேய்ந்து வந்தவை மிகச் சில. எஞ்சினைச் சுற்றி இருப்பவை கெட்டு, அதைக் கவனிக்காமல் ஓட்டி, எஞ்சினையும் கெடுத்துக்கொண்டு வந்தவைதான் மிச்சமெல்லாம்.

அந்தச் சுற்றி இருப்பவற்றில் முதலில் டீசல் போகும் பாதை. இது என் தொழில், அதனால் கொஞ்சம் நின்றே சொல்கிறேன். பழைய குட்டியானையின் நாசில் சுமார் 150 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன்ரெயிலில் 1,600 பார், 1,800 பார் என்று போகிறது. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 8 பார் அளவு. அதைப் போல 200 மடங்கு. இந்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி 2, 3 மைக்ரான்தான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். அந்த இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரோ, கண்ணுக்குத் தெரியாத தூசியோ போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய நாசில் அதை விழுங்கிவிட்டு ஓடும். இது ஓடாது.

போன மழைக்காலத்தில் ஒரு வண்டி வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, ஐடிலில் குலுங்குகிறது. மூன்று இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி ஆளுக்கொரு சின்ன பாட்டிலில் விட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். இரண்டு பாட்டிலில் அடி நனைகிற அளவு. மூன்றாவதில் கால்வாசி நிறைந்துவிட்டது. அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் தேய்ந்து, சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசலைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறது. காரணத்தைத் தேடி டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து, வெறும் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். மேலே மஞ்சளாக டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. வண்டி ஓனர் அந்தத் திருகு இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தார். வாங்கி மூன்று வருடமாகத் திறந்ததே இல்லை. டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு வந்திருக்கிறது. ஏதோ சென்சார் கோளாறு என்று விட்டிருக்கிறார்.

மாதம் ஒரு தரம், மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு தரம், அந்தத் திருகை நீங்களே திறந்து வடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள், கம்பெனி ஃபில்டரே போடுங்கள். தெருவோரத்தில் கேனில் வைத்து விற்கும் டீசலை அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள். டேங்க் காயும் வரை ஓட்டுவதும் கூடாது. காமன்ரெயில் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். டீசல் இல்லாமல் சுற்றினால் பம்பின் உள்ளே இரும்பு இரும்போடு உரசித் தூள் கிளம்பும். அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர், டேங்குக்குத் திரும்பும் குழாய் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். அப்புறம் ஒன்றை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது, முழு செட்டையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைத்தான் பட்டறையில் 'புது எஞ்சின் வேலை வைக்கும்' என்று சொல்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. ஆனால் அது தானாக வருவதில்லை.

பங்கில் வாங்கும் டீசலின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) டீசல்தான். அதற்கு முன் பிஎஸ் 4இல் 50 பிபிஎம் இருந்தது. கூட்டம் நிற்கிற, விற்பனை ஓடுகிற பங்காகப் பார்த்து ஊற்றினால் போதும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தண்ணீர் கேன்காரருக்கு ஒரு பதில், உங்களுக்கு ஒரு பதில் என்று ஏன் சொன்னேன்?

பிஎஸ் 6 டீசல் வண்டியின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்று ஒரு கரி வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான். எஞ்சின் விடும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு அங்கே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். பதினைந்து இருபது நிமிடம் வண்டி நிற்காமல் ஓரளவு வேகத்தில் ஓடினால் கரி எரிந்து முடிந்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாதியில் எஞ்சினை நிறுத்தினால் எரிப்பு பாதியில் நிற்கும். மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். கரி சேர்ந்துகொண்டே போகும்.

உசிலம்பட்டியில் இருந்து மாட்டுத்தாவணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் செக்கானூரணி தாண்டி ரோடு காலி. லோடோடு ஒரே சீராக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறீர்கள். டிபிஎஃப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டம் கிடையாது. சின்னமனூர் நடை அதற்கும் மேல். ஆனால் கே.புதூரிலும் அண்ணாநகரிலும் தெருத்தெருவாக நின்று கேன் இறக்குகிறவருக்கு எஞ்சின் சூடு ஏறுவதே இல்லை. இரண்டு கிலோமீட்டர், நிறுத்து. அரை கிலோமீட்டர், நிறுத்து. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், நாற்பது தரம் ஸ்டார்ட் பண்ணியிருப்பார்.

அப்படி ஓடிய வண்டி ஒன்றை நான் மறக்க மாட்டேன். டிபிஎஃப் விளக்கு ஒரு மாதமாக எரிந்திருக்கிறது. கண்ணை உறுத்துகிறதென்று டிரைவர் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். ஓனர் வந்து, "அண்ணே, இழுவை மட்டும் கொஞ்சம் குறைவு, மத்தபடி எஞ்சின் நல்லா இருக்கு. ஆயில் ஒரு சொட்டுக் குறையல" என்றார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தையில்தான் பயம் வந்தது. ஆயில் கேஜ் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல்கடை நின்றது. விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, முகர்ந்தால் டீசல் வாடை. கரியை எரிக்கத் தெளித்த டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. ஒரு மாதமாக அந்த நீர்த்த ஆயிலில்தான் எஞ்சின் ஓடியிருக்கிறது. திறந்து பார்த்தபோது பெயரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. டிபிஎஃப், டர்போ, கிராங்க் வேலை எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டியது. அந்த மனிதர் தவணை கட்டிக்கொண்டிருக்கிற வண்டி அது. எனக்கு வருத்தம்தான் வந்தது. அவரிடம் வண்டி விற்றவர் ஒரு வார்த்தை, எப்படி ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டிருந்தால் போதும்.

ஆயில் குறைந்தால் மட்டும் பயப்படு என்பது பழைய பாடம். புது டீசல் வண்டியில் ஆயில் அளவு ஏறினாலும் பயப்பட வேண்டும். வாரம் ஒரு தரம், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். இதை உங்கள் தம்பியோ டிரைவரோ ஓட்டினாலும் நீங்களே பாருங்கள்.

டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவர்கள் பெட்ரோல், சிஎன்ஜி, பேட்டரி வண்டி என்று பார்ப்பதுதான் சரி. கம்பெனிகளுக்கும் இது தெரியும். மாருதி 2016இல் சூப்பர் கேரியை 793 சிசி டீசலில்தான் கொண்டுவந்தது. பிஎஸ் 6 வந்ததும் டீசலையே விட்டுவிட்டு அதைப் பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் மட்டும் விற்கிறது. டாடாவும் 2020இல் ஏஸை 694 சிசி பெட்ரோலில் கொண்டுவந்தது, 2022இல் பேட்டரி ஏஸையும் அறிமுகப்படுத்தியது. இத்தனை வடிகட்டியையும் ஊசியையும் சுமப்பது ஒரு லிட்டருக்குக் குறைந்த டீசலுக்குப் பெரிய பாரம். ஒன்றரை லிட்டருக்குக் கட்டுப்படியாகிறது, அதுவும் ஓட்டம் இருந்தால்.

ஆயிலைப் பற்றி இன்னொன்று. டிபிஎஃப் இருக்கும் வண்டிக்கு சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். எந்த கிரேடு என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். சாதாரண டீசல் ஆயிலை ஊற்றினால் அது எரிந்து விடும் சாம்பல் வடிகட்டியில் போய் உட்காரும். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. டிரம்மில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். மாற்றும் இடைவெளி புத்தகத்தில் தாராளமாகத்தான் போட்டிருப்பார்கள். நம் ஊர்த் தூசிக்கும் வெயிலுக்கும் அதில் முக்கால் பங்கு ஓடியதும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

அடுத்தது டர்போ. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அது நிற்பது ஆயில் படலத்தின் மேல்தான். ஆண்டிப்பட்டிக் கணவாயை வாழைத்தாரோடு ஏறி வந்து, இறங்கியதும் டீக்கடை ஓரத்தில் சடக்கென்று சாவியைத் திருப்பினால் எஞ்சின் நின்றுவிடும், ஆயில் பம்பும் நின்றுவிடும், டர்போ மட்டும் காய்ந்த கல் சூட்டில் நிற்கும். உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். டர்போவுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஏர் ஃபில்டரை மட்டும் அசட்டை செய்யாதீர்கள். மேலூர்ப் பக்கம் கல்குவாரி ரோட்டில் ஓடும் வண்டிகளில் டர்போ இறக்கையின் முனை மணல்தாளில் தேய்த்த மாதிரி மழுங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கியர் போடுவதிலும் பழைய பழக்கத்தை விட வேண்டும். மைலேஜுக்காக 30, 35 வேகத்திலேயே டாப் கியர் போட்டுத் திணற விடுவார்கள். டர்போ காற்று கொடுக்காத அந்தக் குறைந்த சுற்றில் லோடை இழுக்க விட்டால் கரியும் அதிகம், பெயரிங்கில் அடியும் அதிகம். ஒரு கியர் இறக்கிப் போடுங்கள். சின்ன எஞ்சின் சுற்றட்டும், அதற்குச் சுற்றுவது வலிக்காது.

கூலண்ட் விஷயத்தில் மதுரைக்காரர்கள் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. நம் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது வீட்டுப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். 497 எஞ்சின் கொதித்தால் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, பீடி ஒன்று பிடித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போவார்கள். புது எஞ்சினின் ஹெட் அலுமினியம். ஒரே ஒரு தரம் நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் சீட்டுக்கு அடியில் இருக்கிற எஞ்சினுக்கு எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். சூட்டு முள் நடுவைத் தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், பக்கத்து ஊர் வரை உருட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஒரு லிட்டர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க சைலன்சர் பாதையில் தெளிக்கும் யூரியாவைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. எல்லாச் சின்ன வண்டியிலும் யூரியாத் தொட்டி இருக்கும் என்றில்லை. சிலவற்றில் வேறு வழியில் அதைக் குறைக்கிறார்கள். நீங்கள் எடுக்கும் மாடலில் தொட்டி இருந்தால் பங்கில் விற்கும் டிஇஎஃப் (32.5 சதவீத யூரியாக் கரைசல்) மட்டும் ஊற்றுங்கள். உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிய வண்டி ஒன்று வந்தது. குழாய் முழுக்க வெள்ளைப் படிகம் கல்லாக இறுகியிருந்தது. 2015 முதல் வயலுக்கு வரும் யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியது. பயிருக்கு நல்லது. சைலன்சரில் இருக்கும் கேட்டலிஸ்டுக்கு அது விஷம்.

இனி ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். ஈஜிஆரை (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடும் பாகம்) அடைத்துத் தருகிறேன், டிபிஎஃப்பைக் குடைந்து எடுத்து கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். இழுவை கூடும், தொல்லை தீரும் என்பார்கள். செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம், வாரண்டியும் போய்விடும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எஞ்சினின் டீசல் அளவு, காற்று, சூடு எல்லாம் அந்தப் பாகங்கள் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டவை. அதை உடைத்துவிட்டு எஞ்சின் நின்று உழைக்கவில்லை என்றால் எஞ்சின் என்ன செய்யும்? மாட்டுத்தாவணியில் விடியற்காலை இரண்டு மணியில் இருந்து பூ இறக்குகிற பெண்கள் வண்டிகளின் புகைக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய வண்டிகளின் பின்னால் நின்றால் கண் எரியும். புது வண்டியின் பின்னால் எரிவதில்லை. அந்த வடிகட்டி இருப்பதனால்தான்.

சென்சாருக்குப் பட்டறைகள் ஏன் பயப்படுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஸ்கேனர் ஒரு சென்சார் பெயரைக் காட்டினால், சென்சாரே போய்விட்டது என்று மாற்றிவிடுகிறார்கள். மறுநாள் அதே விளக்கு. ஸ்கேனர் சொல்வது 'அந்த வழியில் இருந்து சரியான தகவல் வரவில்லை' என்பதுதான். வயர் அறுந்திருக்கலாம், சாக்கெட்டில் பச்சை பிடித்திருக்கலாம். உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. காய்கறி வண்டிக்கு எலி வரும். லோடு ஏற்றும் தொட்டியில் கிடக்கும் கீரைத்தண்டும் முட்டைக்கோஸ் இலையும் எலிக்கு விருந்து. ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சூடான எஞ்சின் மேல் ஏறி வயரைக் கடிக்கும். என்னிடம் வந்த 'சென்சார் கோளாறு' காய்கறி வண்டிகளில் பாதிக்கு மேல் எலிக்கடிதான். லோடு இறக்கியதும் தொட்டியைக் கூட்டித் தண்ணீர் அடித்துவிடுங்கள். வாரம் ஒரு நாள் சீட்டைத் தூக்கி வயர்களை ஒரு பார்வை பாருங்கள்.

மூன்று சிலிண்டர் என்பதற்காகக் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நான்கு சிலிண்டரைவிடக் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எஞ்சின் மவுண்ட் ரப்பர் வெடித்தால் அந்த ஆட்டம் சைலன்சர் மடிப்புக் குழாயையும் வயர்களையும் உடைக்கும். ஐடிலில் ஸ்டியரிங் வழக்கத்தைவிட அதிகம் நடுங்கினால் முதலில் ரப்பரைப் பாருங்கள். மற்றபடி மூன்று சிலிண்டர் காமன்ரெயில் நமக்குப் புதிதில்லை. முதல் தோஸ்த் 2011இல் அதே மூன்று சிலிண்டரோடுதான் வந்தது. அந்த வண்டிகள் இன்றும் பரவை மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருக்கின்றன.

லோடு விஷயத்தில் உங்களை நம்புகிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குட்டியானையின் பாரம் 750 கிலோ. நம் ஊரில் அதில் ஒன்றரை டன் ஏற்றாதவர் குறைவு. டர்போ எஞ்சினுக்கு அது ஒத்துவராது. இழுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. இழுக்கும்போது புகைச்சூடு ஏறும், அந்தச் சூட்டை டர்போவும் பிஸ்டனும் தாங்க வேண்டும். வாழைத்தார் சீசனில் நடையைக் கூட்டுங்கள், பாரத்தைக் கூட்டாதீர்கள்.

பழைய வண்டியை என்ன செய்வது? பட்டறையில் சொன்ன மாதிரி போர் எடுத்தால் ஓடும், அதில் சந்தேகமில்லை. செலவும் புது வண்டியின் முன்பணத்தைவிடக் குறைவு. ஆனால் எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். எஞ்சின் புதிதானாலும் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், தொட்டி, சேசிஸ் எல்லாம் 2013தான். 16 குதிரைத்திறனோடு சின்னமனூர் நடைக்கு இன்னும் எத்தனை வருடம் போவீர்கள்? உள்ளூர் நடைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ள வசதி இருந்தால், சிமெண்டுக் கடை, பீரோக் கடை என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் லோடுக்கெல்லாம் அதையே விடுங்கள். டிபிஎஃப் இல்லாத வண்டி, குறுநடைக்கு அதுதான் சரி. புது வண்டியை விடியற்காலை நடைக்கும் சின்னமனூருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தவணைக்குப் பயந்து, மூன்று நான்கு வருடம் ஓடிய பிஎஸ் 6 வண்டியைப் பார்க்கப் போனால், முதல் நாள் ராத்திரியே ஓனரிடம் சொல்லிவிடுங்கள், காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று. எஞ்சின் மேல் கையை வைத்து, குளிர்ந்துதான் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னாலேயே ஆயில் கேஜ் கம்பியைப் பார்த்து, முகர்ந்துவிடுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றிச் சைலன்சர் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். வடிகட்டி ஒழுங்காக இருக்கிற வண்டியில் துணியில் லேசான சாம்பல் நிறம்தான் இருக்கும். கன்னங்கரேலென்று கரி ஒட்டினால் உள்ளே வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ குடைந்து எடுத்திருக்கிறார்கள். விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.